இரண்டு பஸ்காவுக்குள்

ஃபராஜி தைக்கிற ஒவ்வொரு கால்சட்டைக்கும் கீழ் விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டை உண்டு. எருசலேமில் ஆலயம் இடிந்ததற்கான துக்கம் அது. ஜெர்பா தீவில் யூத ஆண்கள் எல்லோருடைய காலிலும் அந்தத் துக்கம் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே சுற்றிக்கொண்டு போகும், கடைக்கு, கல்யாணத்துக்கு, துறைமுகத்துக்கு. ஆனால் அதைத் தைக்கிற நேரத்தில் ஃபராஜிக்கு ஆலயத்தின் நினைவு வந்ததே இல்லை. நூல் போதுமா, இருட்டுவதற்குள் முடியுமா, அவ்வளவுதான் யோசனை.

மனைவி ஸ்தேரா காய்ச்சலில் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. குழந்தை இல்லை. தெருவைப் பார்த்த அறையில் தையல் இயந்திரம், பின்னால் ஒரு படுக்கை, மாடியேறினால் வெள்ளையடித்த கூரை. கதவு பகல் முழுக்கத் திறந்தே இருக்கும். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். உள்ளே வந்து உட்காருகிறவர்கள்தான் இல்லை. தெருவில் எல்லோருடைய அளவும் அவனுக்கு மனப்பாடம். அதனால் துணியை யாரிடமாவது கொடுத்தனுப்பி, "போன தடவை மாதிரியே" என்று சொல்லிவிட்டால் போதும். அளவெடுக்கக்கூட ஒரு ஆள் அவன் முன்னால் வந்து கையை விரித்து நிற்க வேண்டியதில்லை. சில நாட்களில் ஃபராஜி வேண்டுமென்றே சொல்லிப் பார்ப்பான்.

"கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கே, க்லீஃபா. உள்ள வா, அளவு பாத்துடறேன்."

"நானா இளைச்சேன்? என் பொண்டாட்டி கேட்டா உன்னைக் கட்டிப் பிடிச்சுக்குவா" என்று மளிகைக்கடை க்லீஃபா வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் தெருவுக்கு ஃபராஜி வேண்டும். ஓய்வுநாள் தொடங்கப் போகிறது என்று கூரையில் ஏறி நின்று ஆட்டுக்கொம்பு ஊதுவது அவன் வேலை. அவன் ஊதினால் கடைகள் மூடும், அடுப்புகள் அணையும், பெண்கள் விளக்கேற்றுவார்கள். ஊதி முடித்துவிட்டு இறங்கி வந்து தன் விளக்கைத் தானே ஏற்றிக்கொள்வான்.

ஒரு குளிர்காலம் மழையே இல்லை. தீவில் ஊற்றுத் தண்ணீர் எல்லாம் உப்பு. கூரையில் விழுகிற மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். தொட்டிகளின் அடியில் சேறு தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஃபராஜி கொம்பு ஊதக் கூரையில் ஏறியபோது, வடக்கே கடலுக்கு மேல் கறுப்பாக ஒரு கோடு கிடப்பதைப் பார்த்தான். இறங்கி வந்து, வாசலில் நின்ற பெண்களிடம் சொன்னான்: "ஓய்வுநாள் முடியறதுக்குள்ள மழை வரும். தொட்டி மூடியைத் திறந்து வைங்க."

மழை வந்தது. அன்றைக்குக் கூரையில் நின்றிருந்தால் யாருக்கும் அது தெரிந்திருக்கும். பெண்கள் கூரையில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஃபராஜி வீட்டுக்குத் தட்டு வர ஆரம்பித்தது. கீரையைக் கறுக்கக் கறுக்க எண்ணெயில் வதக்கிப் பயறு போட்ட குழம்பு ஒரு வீட்டிலிருந்து, முட்டை வைத்துப் பொரித்த அப்பம் இன்னொரு வீட்டிலிருந்து. தட்டோடு ஒரு கேள்வியும் வரும். என் மருமகளுக்கு எப்போது? என் தம்பி வியாபாரம் என்னாகும்? ஃபராஜி நல்லதாகவே சொன்னான். கல்யாணமான பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும் என்று சொல்லப் பெரிய ஞானம் வேண்டாம். சொன்னதில் பாதி நடந்தது. நடக்காத பாதியை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. கேட்க வந்தவர்கள் பதில் வரும் வரைக்குமாவது உட்கார்ந்தார்கள்.

எதிர் வீடு கம்மூனாவுடையது. புருஷன் இல்லை. மகள் கஸாலா கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். மகன் சாசி, மீசை சரியாக முளைப்பதற்குள் கடலுக்கு அந்தப் பக்கம் மார்செய் நகரத்துக்குக் கப்பலேறிவிட்டான், துறைமுகத்தில் வேலை என்று. முதலில் போகிறவர் வருகிறவர் யாராவது அவனைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை.

வருஷம் ஒரு தடவை வசந்தத்தில் வருகிற பஸ்கா பண்டிகைக்குச் சில நாள் முன்பு ஒரு காலையில், ஜெபம் முடிகிற நேரத்துக்குக் கம்மூனா ஜெபக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "எனக்கு மூணு பேர் வேணும்" என்றாள்.

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கெட்ட கனவு கண்டவர்கள் மூன்று பேர் முன்னால் வந்து நின்று, 'நல்ல கனவு கண்டேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று பேரும், 'நல்லதே கண்டாய், நல்லதே ஆகட்டும், மேலே இருக்கிறவன் அதை நல்லதாகவே தீர்ப்பானாக' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். என்ன கனவு என்று கேட்கக் கூடாது. கண்டவரும் சொல்லக் கூடாது. ஜெபக்கூடத்துக் குரு ரெபி பூக்ரிஸ் உட்கார்ந்தார். க்லீஃபா உட்கார்ந்தான். பக்கத்தில் நின்ற ஃபராஜியை மூன்றாவது ஆளாக உட்கார வைத்தார்கள்.

"நல்ல கனவு கண்டேன்" என்று கம்மூனா சொன்னாள். அவள் சொன்ன விதத்திலேயே அது யாரைப் பற்றிய கனவு என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். வேத வசனங்களையும் சொன்னார்கள். கடைசியில் ரெபி, "போ, உன் அப்பத்தைச் சந்தோஷமாச் சாப்பிடு" என்றார். அதோடு சடங்கு முடிந்தது.

ஆனால் கம்மூனா போகவில்லை. அதே முகத்தோடு அங்கேயே நின்றாள். ரெபி தன் ஜெபச் சால்வையை மடிக்கத் தொடங்கினார். க்லீஃபா கடை திறக்கப் போக வேண்டும் என்று எழுந்தான். ஃபராஜிக்கு மட்டும் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"கம்மூனா, கவலைப்படாதே. இன்னும் ரெண்டு பஸ்கா முடியறதுக்குள்ள உன் பையன் உன் வாசல்ல வந்து நிப்பான்."

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? அவனுக்கே தெரியாது. ஒரு பஸ்கா என்றால் ரொம்ப அவசரம், மூன்று என்றால் ரொம்ப தூரம். வாயில் இரண்டு வந்தது. சடங்கில் இல்லாத வார்த்தையை யாரும் சேர்ப்பதில்லை. ரெபி சால்வையை மடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் கம்மூனாவின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

அன்று முதல் சாயங்காலமானால் கம்மூனா எதிர் வீட்டிலிருந்து ஒரு தட்டோடு வருவாள். தட்டை வைத்துவிட்டு, துணிமூட்டை மேல் உட்கார்ந்து கம்பளி நூல் நூற்பாள். சாசி வந்தால் எந்த அறையில் படுப்பான், ஓய்வுநாளுக்கு என்ன சமைக்க வேண்டும், எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எல்லாம் பேசுவாள். ஃபராஜி இயந்திரத்தை மெதுவாக மிதிப்பான், சத்தத்தில் அவள் பேச்சு போய்விடக் கூடாது என்று. விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து போவாள்.

ஒரு நாள் சாம்பல் நிறத்தில் நல்ல துணி கொண்டு வந்தாள். "சாசிக்கு ஒண்ணு தைச்சு வை."

"அளவு?"

"போனப்ப என் காது வரைக்கும் இருந்தான். இப்ப வளந்திருப்பான் இல்ல? நீயே பாத்துப் போடு."

ஃபராஜி தைத்தான். கீழே கறுப்புப் பட்டையும் வைத்தான். வீட்டில் வைத்தால் பூச்சி அரிக்கும் என்று கம்மூனா அதை அவன் அறையிலேயே ஆணியில் மாட்டச் சொன்னாள். அடுத்த குளிர்காலத்தில் ஒரு தடவை அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு விரல் நீளம் விடு" என்றாள். பிரித்து விட்டான்.

ஒரு பஸ்கா வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. இரண்டாவது பஸ்கா முடிந்த பிறகு கம்மூனா சில நாள் வரவில்லை. ஃபராஜி இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து எதிர்க் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். தெரு அதற்குள் பாதி காலியாகியிருந்தது. மாதத்துக்கு ஒரு குடும்பமாவது இஸ்ரேலுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. மேல் கோடியில் வரிசையாக நான்கைந்து வீடு பூட்டிக் கிடந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் கம்மூனா வந்தாள், தட்டோடு. மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"நான் யோசிச்சுப் பாத்தேன், ஃபராஜி. நீ சொன்னது பஸ்காவுக்கு முன்னாடி. வாசல்ல வந்து நின்ன பஸ்காவை யாராவது கணக்குல சேப்பாங்களா? அதுக்கு அடுத்ததுலேருந்துதான் எண்ணணும். அப்ப இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. இல்லியா?"

"ம்" என்றான் ஃபராஜி.

முதல் தடவை சொன்னதாவது யோசிக்காமல் வந்தது. இந்த 'ம்' யோசித்து வந்தது. அன்றிரவு அந்தத் தட்டில் இருந்ததை அவனால் சாப்பிட முடியவில்லை. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் அவள் வரும் சத்தம் கேட்டபோது எழுந்து போய் மூட்டையைத் தட்டிச் சரிசெய்து வைத்தான்.

கோடையில் கஸாலா வந்தாள். இடுப்பில் குழந்தை. உட்காரவில்லை.

"மாமா, நாங்க கிளம்பறோம். கோடை முடிஞ்சு புது வருஷம் பிறக்கறதுக்கு முன்னாடி கப்பல். அம்மா வரமாட்டேங்குது."

"ஏனாம்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா? சாசி வந்து கதவைத் தட்டும்போது வீடு பூட்டியிருந்தா என்ன பண்ணுவான்னு கேக்குது. உங்க வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "நான் சண்டை போட வரல மாமா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அது உங்களுக்கு நிஜமாவே வந்துதா? வந்துதுன்னா சொல்லுங்க, நானே அம்மாவை விட்டுட்டுப் போறேன். வரலேன்னா அம்மாகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பாது. இந்தத் தெரு காலியாகிட்டு இருக்கு. அம்மாவை இங்க தனியா விட்டுட்டு நான் எப்படி அங்க சோறு திங்கறது?"

ஃபராஜி ஊசியில் நூல் கோப்பது போல் குனிந்துகொண்டான். "யோசிச்சுச் சொல்றேன்மா."

"யோசிங்க. ஆனா கப்பல் யோசிக்காது மாமா."

அவள் போன பிறகு தன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று அவன் பார்த்தான். பயம் இருந்தது, வெட்கம் இருந்தது. அதற்கெல்லாம் அடியில், தொட்டிக்கு அடியில் சேறு கிடப்பது போல, ஒரு சந்தோஷமும் கிடந்தது: கம்மூனா போகவில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஆலயம் இடிந்த நாளின் உபவாசத்துக்கு முந்தைய வாரங்களில், ஓய்வுநாள் மத்தியானம் ஜெபக்கூடத்தில் எரேமியாவின் புத்தகம் படிப்பார்கள். முன்பெல்லாம் உட்கார இடம் கிடைக்காது. இந்த வருஷம் ஒரே பலகையில் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் படித்து, புரியாத இடத்தில் நிறுத்திச் சண்டை போடுவார்கள். அன்று வந்தது அனனியாவின் அதிகாரம்.

ராஜாவையும் ஜனங்களில் பாதிப் பேரையும் பாபிலோன்காரன் பிடித்துக்கொண்டு போய்விட்டான். ஆலயத்தின் பாத்திரங்களும் போய்விட்டன. எரேமியா கழுத்தில் மரநுகத்தை மாட்டிக்கொண்டு, இது சீக்கிரம் தீராது, பாபிலோனுக்குக் கீழ்ப்படிந்து உயிரோடு இருங்கள் என்று சொல்லித் திரிகிறார். அப்போது அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் நின்று சொல்கிறான்: ஆண்டவன் சொல்கிறான், இரண்டே வருஷம், பாத்திரங்களும் போனவர்களும் திரும்பி வருவார்கள்.

இரண்டு வருஷம் என்ற இடம் வந்ததும் ஃபராஜி நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த அதிகாரத்தை ஒவ்வொரு வருஷமும் கேட்டவன்தான். இத்தனை நாள் அது அவன் காதில் விழவே இல்லை.

க்லீஃபா விட மாட்டான். "அனனியா சொன்னது மட்டும் பலிச்சிருந்தா ஆலயம் இடிஞ்சிருக்காது. நம்ம ஃபராஜிக்குப் பட்டை தைக்கற பொழப்பே இருந்திருக்காது. ஏன் ஃபராஜி, அவன் தோத்ததுக்கு நீ நன்றி சொல்லணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபராஜி சிரிக்கவில்லை. "ரெபி, ஒரு சந்தேகம். அனனியா சொன்னதைக் கேட்டுட்டு எரேமியா 'ஆமென், ஆண்டவன் அப்படியே செய்யட்டும்'னு சொல்றாரே. அவன் சொல்றது நடக்காதுன்னு அவருக்குத் தெரியாதா? நடக்காததுக்கு எதுக்கு ஆமென்?"

"கிண்டலாச் சொல்லியிருப்பாரு" என்றான் க்லீஃபா.

"கிண்டல்னு சிலர் சொல்றாங்க" என்றார் ரெபி. "அவருக்கும் அப்போ நிச்சயமாத் தெரியலன்னு சிலர் சொல்றாங்க. நல்லது நடக்கும்னு சொல்றவனை, நடந்த பிறகுதான் நம்பணும்னு அடுத்த வரியிலயே சொல்லிடறாரு. அனனியா நுகத்தை எடுத்து உடைச்சதும் ஒண்ணுமே பேசாம நடந்து போயிடறாரு. எனக்குத் தெரியல ஃபராஜி. ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்துல நான் வழுக்கறேன்."

"அனனியாவுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"தான் சொல்றது பொய்னு."

ரெபி புத்தகத்தின் மேல் விரலை வைத்தபடியே அவனைப் பார்த்தார். கம்மூனா கனவோடு வந்த காலையில் சால்வையை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்த அதே பார்வை.

"தெரியுமா தெரியாதான்னு எழுதல. அவனுக்குப் பொய்யன்னு பேரும் வைக்கல. கடைசி வரைக்கும் தீர்க்கதரிசி அனனியான்னுதான் இருக்கு. அவன்மேல சொல்ற குத்தம் வேற. 'இந்த ஜனத்தைப் பொய்யை நம்ப வெச்சே.' அதுதான்."

அடுத்த வரியையும் படித்தார்கள். அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனான்.

வெளியே வந்ததும் ஃபராஜி ரெபியின் கூடவே நடந்தான். "ரெபி, புது வருஷத்துக்கு முன்னாடி நாம பண்ணின சத்தியத்தையெல்லாம் மூணு பேர் முன்னாடி அவிழ்த்துக்கறோமே. ஒருத்தன் சொன்ன வார்த்தையை அப்படி அவிழ்க்க முடியுமா?"

"சத்தியம் உன்னுது. அவிழ்க்கலாம். நீ சொன்னது இப்ப உங்கிட்ட இல்லையே ஃபராஜி, அவகிட்ட இல்ல இருக்கு. நாங்க மூணு பேர் உக்காந்து அவ மனசுல இருக்கறதை எப்படி அவிழ்க்கறது?" தெரு முனையில் நின்றார். "அன்னைக்கு நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் நின்னேன். அவ மூஞ்சி தெளிஞ்சுதே, அதைப் பாத்துட்டு எப்படிப் பேசறது? ஆனா போய்ச் சொல்ல வேண்டியது நீதான்."

உபவாச நாள் போனது. ஃபராஜி சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. புது வருஷம் பிறக்கிற அந்த ஏழாம் மாதத்தில் தனக்கும் சாவு வந்துவிடும் என்று ஒரு எண்ணம் மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கஸாலா பாத்திரங்களை விற்க ஆரம்பித்தாள் என்று கேள்விப்பட்டான். சாவு வரட்டும், ஆனால் அதற்குள் கப்பல் போய்விட்டால்?

அந்தச் சாயங்காலம் கம்மூனா தட்டை வைத்துவிட்டு மூட்டை மேல் உட்காரப் போனாள்.

"கம்மூனா, உக்காராதே. கொஞ்சம் நில்லு."

"நிக்கறதுக்கா தெருவைத் தாண்டி வந்தேன்?" உட்கார்ந்தாள். தக்ளியை எடுத்தாள். "என்ன, சொல்லு."

"அன்னைக்கு நான் சொன்னேனே, ரெண்டு பஸ்கான்னு. அதை எனக்கு யாரும் சொல்லல. கனவுல வரல. மேலேருந்தும் வரல. நானாச் சொன்னது."

தக்ளி கொஞ்ச நேரம் தானாகச் சுற்றிவிட்டு நின்றது.

"மழை வந்துதே" என்றாள்.

"கூரையில நின்னா உனக்கும் தெரிஞ்சிருக்கும். மேகம் வந்துட்டு இருந்தது."

"அப்ப எதுக்குச் சொன்னே?"

"உன் மூஞ்சியைப் பாக்க முடியல."

"என் மூஞ்சி!" அவள் குரல் உயர்ந்தது. "மூஞ்சியைப் பாக்க முடியலேன்னா வேற பக்கம் திரும்பியிருக்கலாமே, பாவி. நான் ஒரு வருஷத்துக்கு மேல அவன் படுக்கைக்கு வெயில் காட்டி எடுத்து வைக்கறேன். நீ என் கையால தின்னுக்கிட்டு, பாத்துக்கிட்டே இருந்திருக்கே."

"இருந்தேன்."

"போன பஸ்கா முடிஞ்சப்பவாவது சொல்லியிருக்கலாமே. நான் முட்டாள் மாதிரி விரல் விட்டு எண்ணினேனே. 'ம்'னியே. ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்டே."

சொல்லி முடித்த பிறகுதான் ஃபராஜிக்கே அது கேட்டது. மேகத்தைப் பார்த்து மழை வரும் என்று சொன்னதிலிருந்து இன்றுவரை சொன்ன எல்லாமே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று தோன்றியது. கம்மூனா அவனைப் பார்த்தாள். அந்த அறையைப் பார்த்தாள், படுக்கையை, ஒரே ஒரு தட்டை. கோபம் இறங்கிவிட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

தெருவில் யாரோ கழுதையை ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் வந்து, போய்விட்டது.

"சரி" என்றாள் அவள். குரல் இப்போது கெஞ்சுகிற மாதிரி சின்னதாகிவிட்டது. "பழசு போகட்டும். இப்பச் சொல்லு. எப்பன்னு வேண்டாம். வருவான்னு மட்டும் சொல்லு. நீ சொன்னா எனக்குப் போதும்."

எவ்வளவு சுலபம். வாயைத் திறந்தால் போதும், அந்த முகத்தில் ரத்தம் திரும்பிவிடும். நாளைக்கும் தட்டு வரும்.

"எனக்குத் தெரியாது, கம்மூனா."

அவள் எழுந்தாள். ஆணியில் தொங்கிய சாம்பல் நிறக் கால்சட்டையின் முன்னால் போய் நின்றாள். கறுப்புப் பட்டையை இரண்டு விரலால் தடவினாள். பிறகு ஃபராஜியிடம் சொல்லவில்லை, அந்தக் கால்சட்டையிடம் சொன்னாள்: "அவன் வரணும்."

"ஆமென்" என்றான் ஃபராஜி.

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் முன்பு யோசிக்காமல் சொன்னது போலவும் இல்லை இது. "ஆண்டவன் அப்படியே செய்யட்டும். உன் பையன் நல்லபடியா வந்து நிக்கட்டும். ஆனா எனக்குத் தெரியாது."

சொல்லும்போதே அவனுக்கு எரேமியா நினைவுக்கு வந்தார். கிண்டல் இல்லை அது. அந்த மனுஷனுக்கும் பாத்திரங்கள் திரும்பி வர வேண்டும், போனவர்கள் வீட்டுக்கு வர வேண்டும். அனனியாவைவிட அதிகமாகவே ஆசைப்பட்டிருப்பார். ஆசையை ஆசை என்று சொன்னார், ஆமென் என்றார். அதை ஆண்டவனின் வாயில் வைக்கவில்லை. அனனியாவும் அதே ஆசையைத்தான் பட்டான். தன் குரலையே கேட்டுவிட்டு, அது மேலேயிருந்து வந்தது என்று எல்லோரையும் நம்ப வைத்துவிட்டான். வித்தியாசம் அவ்வளவு சின்னது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு ஊரே விழுந்துவிடலாம்.

கம்மூனா கால்சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அவனைப் பார்க்காமல் தெருவைத் தாண்டினாள். எதிர்க் கதவு சாத்திக்கொண்டது. எரேமியா ஏன் பேசாமல் போனார் என்றும் ஃபராஜிக்கு அப்போது புரிந்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. போகிறவர் போவார். இன்னொருவர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

அதற்குப் பிறகு அவள் அவன் வாசலுக்கு வரவில்லை. எதிர் வீட்டுச் சாமான்கள் கழுதை வண்டியில் ஏறுவதை அவன் இயந்திரத்தின் பின்னாலிருந்து பார்த்தான். கஸாலா மட்டும் உள்ளே தலையை நீட்டி, "போயிட்டு வரேன் மாமா" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வந்து, குழந்தை அழ, போய்விட்டாள். கம்மூனா வண்டியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பொதி. வண்டி திரும்பிய பிறகும் ஃபராஜி இயந்திரத்தை மிதிக்கவில்லை.

மத்தியானம் க்லீஃபா வந்தான். அதிசயமாக உள்ளேயே வந்து, ஒரு பெரிய இரும்புச் சாவியை மேஜை மேல் வைத்தான்.

"எதிர் வீட்டுச் சாவி. சாசி வந்தா கொடுக்கணுமாம். எங்கிட்ட கொடுத்துட்டு, 'பகல் பூரா கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவன் எவனோ அவன்கிட்ட சேத்துடு'ன்னா. உன் பேரைச் சொல்லல."

"ஓகோ."

"நானும் கேட்டுப் பாத்தேன், யாருன்னு. பதில் இல்ல. இந்தத் தெருவுல பகல் பூரா உக்காந்திருக்கறவன் உன்னை விட்டா வேற யாரு இருக்கான்?" மூட்டையைப் பார்த்தான். உட்காரலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு, "கடையில யாரும் இல்ல" என்று கிளம்பிவிட்டான்.

ஃபராஜி சாவியைக் காலியாக இருந்த ஆணியில் மாட்டினான்.

புது வருஷம் வந்தது. ஏழாம் மாதத்தின் ஒவ்வொரு காலையும் அவன் கண் விழித்ததும், இன்னும் இருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டான். இருந்தான். பாவமன்னிப்பு நாளின் உபவாசத்தில் தலை சுற்றியபோது, இதோ என்று நினைத்தான். உபவாசம் முடிந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. அனனியாவுக்கு ஏழாம் மாதத்தோடு எல்லாம் முடிந்தது. ஃபராஜிக்கு எட்டாம் மாதமும் பிறந்தது.

கீழ்த் தெருவிலிருந்து ஒரு புது மருமகள் தட்டோடு வந்தாள். வெட்கப்பட்டுக்கொண்டே, "எனக்கு எப்ப மாமா?" என்றாள்.

"எனக்குத் தெரியாதும்மா. நல்லது நடக்கட்டும். ஆமென்."

அவள் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் வைத்துவிட்டுப் போனாள். அது கடைசித் தட்டு. ஃபராஜிக்கு வார்த்தை வற்றிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவன் மறுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கொம்பை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினான். பூட்டிய வீடுகளின் கூரைகள் தள்ளித் தள்ளி வெள்ளையாகக் கிடந்தன. துறைமுகத்திலிருந்து வருகிற பாதையில் ஒரு ஒட்டகமும் அதன் பின்னால் ஒரு ஆளும். ஆள் நெருங்கி வரும் வரை பார்த்தான். குயவன் ஒருவன், பானை ஏற்றிக்கொண்டு வந்தான். வடக்கே கடலுக்கு மேல் கறுப்பாக ஒரு கோடு.

கொம்பை ஊதினான். கீழே க்லீஃபா கடைப் பலகையைச் சாத்திவிட்டு, தலையை நிமிர்த்திக் கத்தினான்: "என்ன ஃபராஜி, மழை வருமா?"

"தெரியாது" என்று ஃபராஜி கத்தினான். "தொட்டியைத் திறந்து வை."

இறங்கி வந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினான். எதிர்க் கதவு கொஞ்சம் முரண்டு பிடித்துத் திறந்தது. உள்ளே சுருட்டி வைத்த ஒரு படுக்கை இருந்தது. மாடியேறி, கூரை வாய்க்காலில் அடைத்திருந்த இலையையும் மண்ணையும் கையால் அள்ளிப் போட்டான். முற்றத்துக்கு இறங்கி, தொட்டி மூடியை நகர்த்தித் திறந்து வைத்தான். வருகிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். வருவானா என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு, வெளிச்சம் போவதற்குள் தன் விளக்கை ஏற்றப் போனான்.